தோட்டப்புற ஆலயத்துக்கு அர்ச்சனை, உபயப் பதிவுப் பக்கம்: கைப்பேசியில் எப்படி அமைப்பது?

#1 சிப்புட்_வலை

வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்ட ஆலயம் ஒன்றுக்குப் பதிவுப் பக்கம் தயாராகிறது. அர்ச்சனை, உபயம், மண்டப வாடகை, இந்த மூன்றுதான் வேலை. பயன்படுத்தப் போகிறவர்களில் ஒரு பகுதி தோட்டத்திலேயே இருக்கும் பெரியவர்கள், கையில் 400 ரிங்கிட்டுக்குள் வாங்கிய ஆண்ட்ராய்டு. மற்றவர்கள் கே.எல்., ஜோகூர், சிங்கப்பூர் என்று வேலைக்குப் போய்விட்ட பிள்ளைகள். ஊர்க் கோயில் உபயத்தை அங்கிருந்தே கட்டுவார்கள்.

நிர்வாகம் "செயலிதான் வேணும்" என்று நிற்கிறது. மாதிரிப் படிவத்தில் 14 கட்டங்கள்: முதல் பெயர், குடும்பப் பெயர், ஐசி (அடையாள அட்டை) எண், பிறந்த தேதி, முகவரி இரண்டு வரி, அஞ்சல் குறியீடு, மாநிலம், கைப்பேசி, மின்னஞ்சல், நட்சத்திரம், ராசி, கோத்திரம், பூசைத் தேதி. எங்கே கை வைக்கலாம்?

#2 பேராக்மணி

செயலியை முதலில் விட்டுவிடுங்கள். வருடத்தில் மூன்று நான்கு முறை அர்ச்சனை போடுகிறவர் அதற்காகக் கைப்பேசியில் இடம் ஒழிக்க மாட்டார். பிளே ஸ்டோரில் ஒரு முறை 25 அமெரிக்க டாலர், ஆப்பிளில் ஆண்டுக்கு 99 டாலர். அதையாவது ஒருவர் நன்கொடை தருவார். ஆண்டுதோறும் புதிய ஆண்ட்ராய்டு பதிப்புக்கு ஏற்ப யார் திருத்திக்கொண்டிருப்பது? நிர்வாகம் மாறினால் கடவுச்சொல்லும் பழைய செயலாளரோடு போய்விடும்.

சாதாரண வலைப்பக்கம் போதும். புலனத்தில் (வாட்ஸ்அப்) இணைப்பு அனுப்பினால் திறக்க வேண்டும், அவ்வளவுதான். அடிக்கடி வருகிறவர் முகப்புத் திரையில் சேர்த்துக்கொள்ளட்டும்.

எடையைப் பாருங்கள். இங்கே 3ஜி 2021 இறுதியோடு மூடப்பட்டுவிட்டது. 4ஜி எட்டாத செம்பனைப் பள்ளத்தில் கைப்பேசி நேராக 2ஜிக்கு இறங்கும். விநாடிக்கு 100 கிலோபிட் கிடைக்கிறது என்று வையுங்கள்: 150 கிலோபைட் பக்கம் வர 12 விநாடி. முகப்பில் 3 எம்பி கோபுரப் படம் போட்டால் அது மட்டும் 4 நிமிடம். கோபுரம் எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். படத்தை வெப்பி வடிவத்தில் 40 கிலோபைட்டுக்குள் சுருக்குங்கள், இல்லாவிட்டால் எடுத்துவிடுங்கள்.

#3 மங்கை_31100

14 கட்டங்களில் அர்ச்சனைக்குத் தேவையானவை ஐந்து: பெயர், நட்சத்திரம், ராசி, தேதி, கைப்பேசி. கோத்திரம் விருப்பம். மற்றவை எல்லாம் "இருக்கட்டுமே" என்று போட்டது. முகவரி மண்டப வாடகை ஒப்பந்தத்துக்கு மட்டும்.

முதல் பெயர், குடும்பப் பெயர் என்று பிரிக்கவே கூடாது. நம் பெயரில் குடும்பப் பெயர் கிடையாது. ஏ/எல் (இன்னார் மகன்), ஏ/பி (இன்னார் மகள்) என்று அப்பா பெயர்தான் வரும். இரண்டு கட்டம் வைத்தால் ஒருவர் அப்பா பெயரைக் குடும்பப் பெயரில் போடுவார், இன்னொருவர் தன் பெயரையே இரண்டிலும் போடுவார். கடைசியில் குருக்கள் சங்கல்பத்தில் அப்பா பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வருவார். "அர்ச்சனை யார் பேரில்?" என்று ஒரே கட்டம் வையுங்கள். அர்ச்சனைச் சீட்டில் சொல்கிற பெயர் போதும்.

அந்தக் கட்டத்தில் சரிபார்ப்பு விதி போடுகிறவர்கள் எழுத்தும் இடைவெளியும் மட்டும் என்று போடுவார்கள். சாய்கோடு வந்தால் "தவறான பெயர்" என்று சிவப்பில் திட்டும். சாய்கோடு, புள்ளி, @ மூன்றையும் அனுமதிக்க வேண்டும். இங்கே மாற்றுப் பெயருக்கு @ போட்டு ஐசியிலேயே இருக்கும்.

ஒருவர் ஒரே நேரத்தில் வீட்டில் ஐந்து பேருக்கும் போடுவார். "இன்னொருவரைச் சேர்" பொத்தானை அழுத்தினால் பெயரும் நட்சத்திரமும் ராசியும் மட்டும் புதிதாகக் கேட்க வேண்டும். தேதியையும் கைப்பேசி எண்ணையும் திரும்பக் கேட்டால் மூன்றாவது பெயரோடு நிறுத்திவிட்டுப் பிள்ளையைக் கூப்பிடுவார்கள்.

#4 கோடுகாரன்

மங்கை சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ராசியைத் தவிர. ராசியைக் கட்டமாகவே வைக்க வேண்டாம், நட்சத்திரத்திலிருந்தே எடுக்கலாம்.

27 நட்சத்திரங்களில் 18 முழுசாக ஒரே ராசிக்குள் அடங்கும். அசுவினி என்றால் மேஷம், ரோகிணி என்றால் ரிஷபம், பூசம் என்றால் கடகம், கேட்க ஒன்றுமில்லை. இரண்டு ராசியில் பிரிகிறவை ஒன்பதே: கார்த்திகை, மிருகசீரிடம், புனர்பூசம், உத்திரம், சித்திரை, விசாகம், உத்திராடம், அவிட்டம், பூரட்டாதி. இவற்றில் ஒன்றைத் தொட்டால் மட்டும் கீழே இரண்டு பொத்தான் காட்டுங்கள். கார்த்திகைக்கு "மேஷம் / ரிஷபம்". இதனால் கார்த்திகை, கும்பம் என்று பொருந்தாத ஜோடி வரவே முடியாது.

27 பெயரையும் கைப்பேசியின் சாதாரண கீழ்விரி பட்டியலில் கொட்டக் கூடாது. உத்திரம், உத்திராடம், உத்திரட்டாதி. பூரம், பூராடம், பூரட்டாதி. சின்னத் திரையில் பாதி மறைந்து நின்றால் மூன்றும் ஒன்று மாதிரித்தான் தெரியும். தனித் திரையில் இரண்டு பத்தியாக, ஒவ்வொன்றும் 48 பிக்சல் உயரம், இடையே 8 பிக்சல். அகரவரிசை வேண்டாம், அசுவினி முதல் ரேவதி வரை பஞ்சாங்க வரிசை. பெரியவர்கள் அந்த வரிசையில்தான் தேடுவார்கள். மேலே ஒரு தேடல் கட்டம், அதில் ரோமன் எழுத்தில் அடித்தாலும் கிடைக்க வேண்டும். "திருவாதிரை"க்கு நாலு விதமாக ரோமன் எழுத்துக் கூட்டுவார்கள், நான்கையும் சேர்த்துவிடுங்கள். கடைசியில் "நட்சத்திரம் தெரியாது" கட்டாயம். அது இல்லாத படிவத்தில் அசுவினிக்காரர்கள் திடீரென்று பெருகிவிடுவார்கள்.

#5 சிப்புட்_வலை

நட்சத்திர யோசனை பிரமாதம். ஐசி விஷயத்தில் பொருளாளர் விடவில்லை. "ரசீதுக்கு வேணும், பிறந்த தேதியும் அதிலேயே வந்துடும்" என்கிறார்.

#6 மங்கை_31100

பிறந்த தேதி, பிறந்த மாநிலக் குறியீடு, கடைசி இலக்கத்தில் ஆணா பெண்ணா என்பது வரை அந்த 12 இலக்கத்தில் இருக்கிறது. அதனால்தான் வாங்கக் கூடாது. ஐந்து ரிங்கிட் அர்ச்சனைக்கு ஐசி எதற்கு? ஐசி எண் உள்ள பட்டியலைப் படம் எடுத்து யாராவது புலனக் குழுவில் போட்டால் யார் பதில் சொல்வது? தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 பற்றிப் பொருளாளருக்கு ஒரு வரி சொல்லுங்கள்: தரவு வாங்குகிறவர் தரும் அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்கிறது. தமிழை நீங்கள் மூன்றாவதாகச் சேர்க்கலாம். வாங்காத எண்ணைப் பூட்டிவைக்கும் வேலை இல்லை.

மண்டப ஒப்பந்தத்துக்கு வாங்கியே ஆக வேண்டும் என்றால் அலுவலகத்தில் நேரில் பார்க்கட்டும்.

#7 கோடுகாரன்

எண்கள் வாங்கும் எந்தக் கட்டத்துக்கும் உள்ளீட்டு வகையை "நம்பர்" என்று வைக்காதீர்கள். எண்ணாக மாற்றிச் சேமிக்கும்போது முன்னால் உள்ள பூஜ்யம் போய்விடும். 012 என்பது 12 ஆகும், 2000க்குப் பின் பிறந்தவர் ஐசியும் அப்படித்தான் கெடும். கைப்பேசிக்கு "டெல்" வகை. மற்ற இலக்கங்களுக்கு எழுத்து வகையோடு "இன்புட்மோட்" பண்பை "நியூமெரிக்" என்று வைத்தால் இலக்கப் பலகை வரும், பூஜ்யமும் தங்கும்.

கைப்பேசி எண்ணை அவர்கள் எழுதுகிறபடியே வாங்குங்கள். கோடு போடுவார், இடைவெளி விடுவார், +60 போடுவார், 60 என்று தொடங்குவார். சேமிக்கும்போது நிரல் சுத்தம் செய்யட்டும். 011 எண்கள் 11 இலக்கம், 012, 016 போன்றவை 10. "பத்து இலக்கம்தான்" என்று பூட்டினால் 011காரர்கள் வெளியே நிற்பார்கள். சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கு +65 எண்ணும் செல்ல வேண்டும்.

பிழைச் செய்தி கட்டத்துக்குக் கீழேயே வரட்டும், எதைத் திருத்துவது என்று சொல்லட்டும். "தவறான உள்ளீடு" என்றால் யாருக்கும் எதுவும் புரியாது. "கைப்பேசி எண்ணில் ஓர் இலக்கம் குறைகிறது" என்றால் கை தானாக அங்கே போகும்.

இன்னொன்று. ஐபோனில் கட்டத்தின் எழுத்து 16 பிக்சலுக்குக் கீழே இருந்தால் தொட்டவுடன் சஃபாரி பக்கத்தைப் பெரிதாக்கிவிடும், திரும்பச் சுருங்காது. பெரிதாக்குவதையே தடுக்கிற வரியைச் சேர்த்துத் தப்பிக்கப் பார்ப்பார்கள். அது கண் மங்கியவர் காலை வாருவது. எழுத்தை 16க்கு மேல் வையுங்கள், முடிந்தது.

#8 எழுத்துருப்பித்தன்

தமிழ் எழுத்து பற்றி யாரும் பேசவில்லையே! பக்கம் பாதி கெடுவது அங்கேதான்.

எழுத்துருக் கோப்பு எதுவும் ஏற்ற வேண்டாம். ஆண்ட்ராய்டில் நோட்டோ சான்ஸ் தமிழ் இருக்கிறது, ஐபோனில் தமிழ் சங்கம் இருக்கிறது. பேராக்மணி கேட்ட 150 கிலோபைட் அங்கேயே மிச்சம். அளவு 18 பிக்சல், வரி உயரம் 1.6 அல்லது 1.7. ஆங்கில வார்ப்புருவில் 1.2 என்று இருக்கும், அதை அப்படியே விட்டால் மேல்வரியின் "கூ", "ழு" வாலும் கீழ்வரியின் "கீ" கொம்பும் முட்டிக்கொள்ளும். எழுத்து இடைவெளி சுழியம். தடித்த எழுத்து 600க்கு மேல் போனால் "ண", "ணை" உள்வளையங்கள் அடைத்துக்கொள்ளும். சாய்வெழுத்து தமிழுக்கு வேண்டவே வேண்டாம்.

பொத்தானுக்கு நிலையான உயரம் தராதீர்கள். 40 பிக்சல் என்று பூட்டிவிட்டு, பெரியவர் கைப்பேசி அமைப்பில் எழுத்தை 1.3 மடங்கு வைத்திருந்தால், "பதிவு" என்பதில் வுவின் கால் வெட்டுப்படும். குறைந்த உயரம் 48, மேல்கீழ் உள்வெளி 12, உயரம் தானாக வளரட்டும். சொல்லையும் சுருக்குங்கள். "முன்பதிவினை உறுதிப்படுத்துக" 360 பிக்சல் திரையில் இரண்டாக உடையும். "பதிவு செய்" போதாதா?

பெயரை நீளம் பார்த்து வெட்டுகிற இடம் மோசம். "கிருஷ்ணமூர்த்தி" நமக்கு எட்டு எழுத்து, கணினிக்கு 15 குறி. 20 குறிக்கு மேல் வெட்டு என்று நிரல் சொன்னால் புள்ளியோ கொம்போ பறிபோய் பெயரே வேறாகும். வெட்டாதீர்கள், அடுத்த வரிக்கு மடியுங்கள். வெட்டியே தீர வேண்டும் என்றால் ஜாவாஸ்கிரிப்டில் "இன்டல் செக்மென்டர்" முழு எழுத்தாகப் பிரித்துத் தரும்.

தேடலுக்கு: "கொ" என்பதை ஒரு விசைப்பலகை கவ்வோடு ஒரே குறியாகச் சேர்க்கும், இன்னொன்று கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்க்கும். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. சேமிக்குமுன் என்எஃப்சி வடிவத்துக்கு (இரண்டையும் ஒரே குறியாக்கும் யூனிக்கோடு வடிவம்) மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் கொப்பம்மாள் பாட்டி பதிவு தேடினால் கிடைக்காது.

குறுஞ்செய்தியில் உறுதி அனுப்புகிறீர்களா? தமிழ் ஓர் எழுத்து கலந்தாலும் ஒரு செய்தியின் அளவு 160 குறியிலிருந்து 70க்கு இறங்கும். தொடர் செய்தி என்றால் ஒவ்வொன்றும் 67. "அன்புடையீர்" என்று ஆரம்பித்தால் இரண்டு செய்திக் காசு.

#9 பேராக்மணி

நிறம். ஆலயப் பக்கம் என்றாலே காவி. வெள்ளைப் பின்னணியில் காவி எழுத்து (255, 153, 51) ஒளிமாறுபாடு 2.1-க்கு 1 தான் வரும். குறைந்தது 4.5 வேண்டும். மதிய வெயிலில் லயத்து வாசலில் நின்று பார்த்தால் வெறும் வெள்ளைத் திரை. எழுத்துக்கும் பொத்தானுக்கும் அரக்குச் சிவப்பு (122, 31, 31) எடுங்கள், வெள்ளையோடு 10-க்கு மேல் வரும். காவியை ஓரக்கோட்டில் வைத்து ஆசை தீர்த்துக்கொள்ளலாம்.

#10 முகப்பு_கிராணி

பக்தர் திரையைப் பற்றியே பேசுகிறீர்கள். காலையில் அலுவலகத்தில் பட்டியல் எடுத்துக் குருக்களிடம் கொடுக்கிறவர் திரையும் இதே திட்டத்தில்தான் வரும்.

குருக்களுக்கு வேண்டியது பெயர், நட்சத்திரம், ராசி, கோத்திரம். அந்த வரிசையில், ஒரு குடும்பம் ஒரு கட்டமாக, தாளில் 16 புள்ளி அளவில். தீபாராதனை வெளிச்சத்தில் படிக்கிறார் என்பதை மறக்காதீர்கள். பணம், ரசீது எண், பதிவு நேரம் எதுவும் அந்தத் தாளில் வேண்டாம். பெயர் ரோமன் எழுத்தில் வந்திருந்தால் தமிழில் மாற்றி எழுத அலுவலகத் திரையில் ஓர் இடம் கொடுங்கள்.

ரசீது அச்சு: 58 மி.மீ. வெப்ப அச்சுப்பொறிகளில் பொதுவாகத் தமிழ் எழுத்து கிடையாது. தமிழை அப்படியே அனுப்பினால் கேள்விக்குறிதான் வரும். ரசீதைப் படமாக்கி அனுப்ப வேண்டும். 58 மி.மீ. தாளில் அச்சாகும் அகலம் 48 மி.மீ., ஒரு மி.மீட்டருக்கு 8 புள்ளி, ஆக 384 பிக்சல். 80 மி.மீ. என்றால் 576. கறுப்பு வெள்ளை மட்டும், சாம்பல் நிறம் வேண்டாம். எழுத்து 24 பிக்சலுக்குக் குறையாமல். வார்ப்புருவில் சாமி படம் போடாதீர்கள், ரசீது குப்பைக்குப் போகும், பிறகு அதற்கு ஒரு பஞ்சாயத்து.

#11 சிப்புட்_வலை

அச்சுப்பொறி விஷயம் நினைக்கவே இல்லை, நன்றி அண்ணே. கட்டணம் எப்படி? டுயிட்நவ் கியூஆர் (வங்கிச் செயலியால் வருடிப் பணம் கட்டும் குறி) ஒட்டினால் போதும் என்கிறது நிர்வாகம்.

#12 பேராக்மணி

சுவரில் ஒட்டினால் போதும். கைப்பேசித் திரையில்தான் சிக்கல்: படமும் அதே கைப்பேசியில், வருடும் செயலியும் அதே கைப்பேசியில். எதை வைத்து எதை வருடுவது?

வழி: கியூஆரைச் சேமித்து, வங்கிச் செயலியில் படத்தொகுப்பிலிருந்து எடுக்க வைப்பது. பெரும்பாலான வங்கிச் செயலிகளிலும் மின்பணப்பைகளிலும் அந்த வசதி உண்டு, ஆனால் மூலையில் சின்னப் படக்குறியாக இருக்கும். ஆகவே திரையில் எழுதிவிடுங்கள்:

1. இந்தத் திரையைப் படம்பிடியுங்கள்.
2. வங்கிச் செயலியில் கியூஆர் பகுதியைத் திறந்து, படத்தொகுப்புக் குறியைத் தொடுங்கள்.
3. தொகை சரியா பாருங்கள். குறிப்புக் கட்டத்தில் கீழே உள்ள 4 இலக்க எண்ணைப் போடுங்கள்.
4. கட்டிய பின் இந்தப் பக்கத்துக்குத் திரும்பி "கட்டிவிட்டேன்" தொடுங்கள்.

"பதிவிறக்கு" பொத்தானை மட்டும் நம்ப வேண்டாம். ஐபோனில் அது கோப்புகள் பகுதிக்குப் போய்விடும், வங்கிச் செயலி படத்தொகுப்பில் தேடும். முகநூலுக்குள்ளேயே இணைப்பைத் திறந்தவருக்குப் பல நேரம் பதிவிறக்கமே நடக்காது. திரையைப் படம்பிடிப்பது எல்லார் கைப்பேசியிலும் வேலை செய்யும். கியூஆர் குறைந்தது 240 பிக்சல், நான்கு பக்கமும் நான்கு கட்ட அகலத்துக்கு வெள்ளை விளிம்பு. இருள் பயன்முறையிலும் பின்னணி வெள்ளையாகவே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் வருடி படிக்காது. கணக்கு எண்ணையும் "நகலெடு" பொத்தானோடு கீழே வையுங்கள்.

#13 கோடுகாரன்

"கட்டிவிட்டேன்" பொத்தானை ஆதாரமாக எடுக்கக் கூடாது. அதைத் தொட்டால் நிலை "சரிபார்க்கிறோம்" என்று மட்டும் மாறட்டும், அலுவலகம் வங்கிக் கணக்கைப் பார்த்தபின் "பதிவு உறுதி".

உபயத்துக்கும் மண்டபத்துக்கும் எஃப்பிஎக்ஸ் (வங்கிக் கணக்கிலிருந்து நேராகக் கட்டும் இணைய வழி) வையுங்கள். அர்ச்சனைக்கு வேண்டாம். பரிவர்த்தனைக்கு இவ்வளவு என்று நிலையான கட்டணம் எடுத்தால் ஐந்து ரிங்கிட்டில் அது உறுத்தும். எஃப்பிஎக்ஸில் வழக்கமாகத் தப்புவது ஒன்று: வங்கிப் பக்கத்தில் பணம் போனவுடன் பலர் உலாவியை மூடிவிடுவார்கள், ஆலயப் பக்கத்துக்குத் திரும்புவதில்லை. திரும்பி வந்தால்தான் பதிவு என்று எழுதியிருந்தால் பணம் போயிருக்கும், உபயம் இருக்காது. கட்டண நுழைவாயில் உங்கள் சேவையகத்துக்கு நேரடியாக அனுப்பும் அறிவிப்பை வைத்தே நிலையை மாற்றுங்கள்.

வலையமைப்பு இழுக்கும்போது "பதிவு செய்" பொத்தானை நாலு முறை தட்டுவார்கள். முதல் தட்டிலேயே பொத்தான் "அனுப்புகிறது…" என்று மாறி முடங்க வேண்டும். அதோடு படிவம் திறக்கும்போதே ஒரு தனி எண் கொடுத்து, அதே எண் இரண்டாம் முறை வந்தால் சேவையகம் பழைய பதிலையே தரட்டும். கட்டங்களை நிரப்ப நிரப்ப உலாவியின் உள்சேமிப்பில் வைத்துக்கொள்ளுங்கள். தொடர்பு அறுந்து பக்கம் மீண்டும் திறந்தால் ஐந்து பேர் பெயரும் அப்படியே இருக்கும்.

#14 மங்கை_31100

மொழி மாற்றும் இடத்தில் கொடி வேண்டாம். தமிழுக்கு எந்தக் கொடி போடுவீர்கள்? அந்தந்த மொழியின் பெயரை அதன் எழுத்திலேயே மேல் மூலையில் எழுதுங்கள், மூன்று கோட்டுப் பட்டியலுக்குள் ஒளிக்காதீர்கள். தேசியப் பள்ளியில் படித்த பிள்ளைகளில் பலர் தமிழ் பேசுவார்கள், படிக்கமாட்டார்கள். அவர்கள் மலாய்த் திரையில் பதிந்தாலும் நட்சத்திரப் பெயர் ரோமனிலும் தமிழிலும் சேர்ந்தே தெரிய வேண்டும். பக்கத்தில் நிற்கிற அம்மா பார்த்துச் சொல்வார்.

மொழி மாற்றினால் நிரப்பியது அழியக் கூடாது. இதைச் சோதிக்காமல் விடுகிறவர்கள்தான் அதிகம்.

#15 சிப்புட்_வலை

கடைசியாக ஒன்று. உபயத் தேதி சோதனையில் ஒரு நாள் முன்னதாகப் பதிவாகிறது. 2026 தைப்பூசம் பிப்ரவரி 1-ஐத் தொட்டால் ஜனவரி 31 என்று போகிறது.

#16 கோடுகாரன்

உள்ளூர் நள்ளிரவை ஐஎஸ்ஓ சரமாக (உலக நேரப்படி எழுதும் தேதி வடிவம்) மாற்றும் கட்டளையைப் பயன்படுத்தியிருப்பீர்கள். மலேசிய நேரம் உலக நேரத்துக்கு 8 மணி முன்னால். பிப்ரவரி 1 நள்ளிரவு அங்கே ஜனவரி 31 மாலை 4 மணி. அந்தச் சரத்தின் முதல் பத்துக் குறியை வெட்டி எடுத்தால் முந்தைய நாள்தான் வரும். பூசைத் தேதிக்கு மணி நேரமே வேண்டாம். ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் தனித்தனியாக எடுத்து எழுத்தாகவே சேமியுங்கள்.

உபயத்துக்கு நாட்காட்டியையே எடுத்துவிடலாம் என்பேன். திதி, நட்சத்திரம் பார்த்துத் தேதி வைப்பது ஆலயம். பங்குனி உத்திரம் எந்தத் தேதி என்று பக்தர் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. விழாப் பெயர், கிழமை, தேதி, தொகை, "இன்னும் எத்தனை உபயம் இருக்கிறது", இப்படி ஒரு பட்டியல். தேதியை 01/02 என்று போடாமல் "1 பிப்ரவரி, ஞாயிறு" என்று எழுதுங்கள்.

#17 மங்கை_31100

வெளியிடும் முன் சோதனை. பயன்பாட்டு வல்லுநர் ஜேக்கப் நீல்சன் சொன்ன "சோதனைக்கு ஐந்து பேர் போதும்" கணக்கு ஒரே வகைப் பயனர்களுக்கு. இங்கே மூன்று வகை: தோட்டத்துப் பெரியவர்கள், வெளியூர்ப் பிள்ளைகள், அலுவலகத்தார். வகைக்கு மூன்று பேர், அவரவர் சொந்தக் கைப்பேசியில். உங்கள் புதுக் கைப்பேசியைக் கொடுத்தால் சோதனையே இல்லை.

"இந்தப் பொத்தான் புரியுதா?" என்று கேட்காதீர்கள். மரியாதைக்கு "புரியுது தம்பி" என்பார்கள். வேலையைக் கொடுங்கள்: "வர்ற வெள்ளிக்கிழமைக்குப் பேத்தி பேர்ல ஓர் அர்ச்சனை போடுங்கம்மா." பிறகு வாயை மூடிக்கொண்டு விரலைப் பாருங்கள். விரல் எங்கே தயங்கி நிற்கிறது, எப்போது பின்செல் பொத்தானைத் தொடுகிறார், எந்த இடத்தில் உங்களை நிமிர்ந்து பார்க்கிறார், இவற்றை எழுதுங்கள். மூன்றில் இருவர் ஒரே இடத்தில் நின்றால் அதைத் திருத்திவிட்டு மற்ற மூன்று பேரிடம் கொடுங்கள்.

ஒரு சோதனையைப் பகல் 12 மணிக்கு வெளியே நின்று நடத்துங்கள், தரவு மட்டும், வைஃபை இல்லாமல்.

#18 முகப்பு_கிராணி

தம்பி, அலுவலகத்தார் மூன்று பேரில் பொருளாளரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 14 கட்டமுள்ள பழைய படிவத்தை அவர் கைப்பேசியிலேயே, கண்ணாடி இல்லாமல், ஒரு முறை முழுசாக நிரப்பச் சொல்லுங்கள். ஐசி பற்றிய பேச்சு அதோடு முடிந்துவிடும்.